ஃபிரிட்ஜ் மேல குப்பைக்கூடை

ஏங்க,

டியூட்டிக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. பிளம்பர் வருவாரு. வாசல்லயே நின்னு "நாயைக் கட்டியாச்சா?"ன்னு கத்துவாரு. செத்துப்போச்சுன்னு சொல்லுங்க, ஆனா உடனே அழ ஆரம்பிச்சுடாதீங்க. அன்னிக்குப் பால்காரர் உங்களைத் தேத்துறதுக்குள்ள பாலே திரிஞ்சுபோச்சு.

நேத்து குப்பைக்கூடைக்காக நான் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். நீங்க சொன்னது நியாயம்தான். தினமும் அதைக் கவுத்து வீடெல்லாம் இறைச்ச திருட்டுப்பய போய்ச் சேர்ந்துட்டான். இனி அது எதுக்கு ஃபிரிட்ஜ் மேல சாமி மாதிரி உட்கார்ந்திருக்கணும்? நாம எதுக்குப் பழத்தோலைக் குறிபார்த்து எறியணும்? கீழ எறக்கி வெச்சுட்டேன். சந்தோஷமா?

பி.கு.: பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். சாயங்காலம் நான் வந்து கதவைத் திறக்கும்போது அந்தக் கூடை கவிழாம, அப்படியே நிமிர்ந்து நிக்கும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மறுபடி மேலயே ஏத்திட்டேன்.

ஸ்டூல் பக்கத்துலயே இருக்கு. மகராசனா ஏறிப் போடுங்க.