ரீச்சரக்காவின்ரை சைக்கிள் கழகம்

மீசாலை
27.09.2025

அன்பு மகள் தர்சினிக்கு,

நீயும் மருமகனும் பேரன் கஜானனும் அந்தக் குளிர் தேசத்திலை ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேணுமெண்டு பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு அம்மா எழுதிறன். இஞ்சை என்ரை பிறசரும் சீனியும் மட்டாய்த்தான் நிக்குது, கிளினிக்கிலை போன முறை டொக்டர் ஒண்டும் பேசேல்லை. ரெலிபோன் இருக்கேக்கை இதென்ன கடிதம் எண்டு நீ யோசிப்பாய். மருமகன்ரை சிநேகிதப் பெடியன் ஒஸ்லோவுக்குத் திரும்பிப் போறானாம், அவனிட்டை மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் குடுத்துவிடுறன், அதோடை இதையும் வைச்சுவிடுறன். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவிலை நீ கேட்டனி, ஏனம்மா முகம் வாடிக் கிடக்கு, இப்ப சைக்கிள் ஓடப் போறேல்லையோ எண்டு. பேரன் பக்கத்திலை நிண்டு கீறின படமெல்லாம் காட்டிக்கொண்டு நிக்கேக்கை எனக்கு அந்தக் கதை வாயிலை வரேல்லை. எழுதினால் வருமெண்டு இண்டைக்குக் குசினி வேலையை முடிச்சுப்போட்டு இருந்திருக்கிறன்.

அப்பா மோசம் போய்ச் செத்தவீடு முடிஞ்ச பிறகு நான் கேற்றுக்கு வெளியாலை போகாமல் கிடந்ததும், நீ அங்கையிருந்து அழுததும் உனக்குத் தெரியும். டொக்டரும் சைக்கிள் ஓடச் சொல்ல, நீயும் ஒவ்வொரு நாளும் ஆக்கினை தரத்தான் நான் அந்தப் பொம்பிளையளின்ரை சைக்கிள் கழகத்திலை போய்ச் சேர்ந்தனான். கழகம் எண்டு பேர்தான், ஒரு போர்ட்டும் இல்லை. சனி, ஞாயிறு விடியச் சாவகச்சேரி பஸ் ஸ்ராண்டடியிலை கூடுறது, எங்கையாவது ஓடிப்போய் ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுத் திரும்பிறது, அவ்வளவுதான். அதைத் துவங்கினவ கமலாவதி ரீச்சர். பள்ளிக்கூடத்திலை விளையாட்டுப் பழக்கிப் பென்சன் எடுத்தவ, கலியாணம் கட்டேல்லை, தம்பி நமசிவாயத்தின்ரை குடும்பத்தோடை இருக்கிறா. எல்லாருக்கும் அவ ரீச்சரக்காதான். எழுபது தாண்டியும் முதுகிலை ஒரு வளைவு கிடையாது. வெள்ளைச் சப்பாத்து, கழுத்திலை விசில். முதல் நாள் நான் என்ரை பழைய சைக்கிளோடை போய் வெக்கப்பட்டு நிக்க, என்னையும் சைக்கிளையும் மேலும் கீழும் பார்த்துப்போட்டு, பத்மாசினி, முதல்லை அந்த மட்காட்டை இறுக்கிக்கொண்டு வா, கோயில் மணி மாதிரிக் கிலுங்குது, ஊர்ச் சனம் பூசைக்கு வெளிக்கிட்டிடும் எண்டா. எல்லாரும் சிரிச்சினம். அப்பா போன பிறகு நான் சிரிச்சது அண்டைக்குத்தான்.

மற்றவையிலை றொசாந்தியைப் பற்றி உனக்கு முந்தியே குறை சொல்லியிருக்கிறன், ஞாபகமோ, கறுப்பு இறுக்கக் காற்சட்டையும் மஞ்சள் ஹெல்மற்றுமாய் வாற பெட்டை. கதைக்கேக்கை முகத்தைப் பார்க்காமல் போனைப் பார்க்கிறவள். அவள் என்ரை கண்ணிலை குத்தினபடிதான் இருந்தாள். ஒருநாள் கைதடிப் பாலத்தடியிலை என்ரை செயின் கழண்டுபோச்சு. நான் இறங்கி நிண்டு திகைக்க, அவள் றோட்டிலை சம்மாணம் கட்டி இருந்து வெறும் கையாலை மாட்டித் தந்தாள். கை முழுக்கக் கிறீஸ், அதைத் தன்ரை மூக்கிலை பூசிக்கொண்டு, அன்ரி இப்ப நான் வடிவோ எண்டு கேட்டாள். அண்டையிலையிருந்து அவளின்ரை காற்சட்டை எனக்குத் தெரியிறேல்லை. மற்றது றெஜினா, கச்சாய்ப் பக்கம் இருக்கிறவள், ஆசுப்பத்திரியிலை வார்ட்டிலை வேலை. மனிசன் சேவியர் கடலுக்குப் போய்த் திரும்பேல்லை, கன வருசம். ஆனால் எங்களுக்குள்ளை ஆகப் பெரிசாய்ச் சிரிக்கிறவளும் அவள்தான். ஒருத்தரும் என்னட்டை அப்பாவைப் பற்றிக் கேக்கேல்லை. துவக்கத்திலை அது எனக்கு மனவருத்தமாய் இருந்தது. பிறகுதான் அதிலை ஒரு சுகம் இருக்கெண்டு கண்டனான். அனுதாபம் சொல்ல ஆள் இல்லாத ஒரு இடம் எனக்கும் வேண்டிக் கிடந்தது.

ரீச்சரக்காவுக்கு ஒரு சட்டம் இருந்தது. பின்னுக்கு வாறவளை விட்டிட்டுப் போறேல்லை. அவ எப்பவும் முன்னுக்கு, ஆனால் சந்திக்குச் சந்தி இறங்கி நிண்டு கடைசி ஆள் வருமட்டும் பார்த்துக்கொண்டு நிப்பா. அந்தக் கடைசி ஆள் நெடுக நான்தான். தூரத்திலை வரேக்கை அவ நிக்கிறது கண்ணிலை பட்டால் கால் நோவும் குறைஞ்சுபோகும்.

தையிலை எண்டு நினைக்கிறன், நீர்வேலிக்குப் போகேக்கை அவ பழகின சந்தியிலை பிழையாய்த் திரும்பினா. நாங்கள் பகிடி பண்ணினம், அவவும் சிரிச்சா. பிறகு என்னைச் சிலநேரம் வேறை பேராலை கூப்பிட்டா. ஒருநாள் தேத்தண்ணிக் கடையிலை றெஜினாவிட்டை, சேவியர் என்ன செய்யிறார் எண்டு கேட்டா. றெஜினா ஆறுதலாய், அவர் கடலோடை போயிட்டார் அக்கா, உங்களுக்குத் தெரியுந்தானே எண்டாள். ரீச்சரக்காவின்ரை முகம் கறுத்துப்போச்சு, அவளின்ரை கையைப் பிடிச்சு, ஐயோ பிள்ளை, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே எண்டு கண்கலங்கினா. திரும்பி வாற வழியிலை திரும்பவும் அதையே கேட்டா, சேவியர் சுகமோ எண்டு. றெஜினா ஒரு கணமும் யோசிக்கேல்லை. ஓமக்கா, சுகமாய் இருக்கிறார், உங்களைக் கேட்டவர் எண்டாள். நான் பக்கத்திலை ஓடிக்கொண்டு வந்தனான். நமசிவாயம் அண்ணைக்குச் சொன்னம், அவர் யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் காட்டினார், மறதி வருத்தம், மருந்து குடுக்கலாம், மாத்தேலாது எண்டு சொல்லிப்போட்டினம். அதுக்குப் பிறகு நாங்கள் ஆராவது ஒராள் அவவுக்குப் பக்கத்திலை ஓடுறதெண்டு பேசிக்கொண்டம்.

ஆனியிலை ஒரு புதன்கிழமை, வெய்யில் நல்லாய் ஏறினாப்போலை நமசிவாயம் அண்ணை சேட்டெல்லாம் வேர்வையிலை நனைஞ்சபடி என்ரை கேற்றிலை வந்து நிண்டார். விடியப்புறம் அக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு போட்டாவாம், இன்னும் காணேல்லையாம். நான் றெஜினாவுக்கும் றொசாந்திக்கும் ரெலிபோன் எடுத்தன். றெஜினா வார்ட்டிலை சொல்லிப்போட்டுக் கச்சாய்ப் பக்கம் தேடினாள், நான் கோயிலடியளும் சந்தையும் பார்த்தன், றொசாந்தி வேலையிலை லீவு கேட்டு ஸ்கூட்டியிலை பெரிய றோட்டாலை கிழக்கை போனாள். கொடிகாமம் சந்தியிலை ஒரு ஓட்டோக்காரர் கழுத்திலை விசில் போட்ட அம்மா ஒராள் பளைப் பக்கம் போனதைக் கண்டவராம். இயக்கச்சியும் தாண்டி, ஆனையிறவு வெளி துவங்கிற இடத்திலை, ஒரு மர நிழலும் இல்லாத றோட்டுக்கரையிலை ரீச்சரக்கா சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறா. உதடு வெடிச்சு, கால் வீங்கி, முகம் சிவந்துபோய். லொறியளும் பஸ்ஸுகளும் உரசிக்கொண்டு போகுது. றொசாந்தி ஓடிப்போய்ப் பிடிக்க, பொறு பிள்ளை, மற்றவையள் பின்னாலை வருகினம், பத்மாசினி இன்னும் வரேல்லை எண்டு சொன்னாவாம். எங்களுக்காகத்தான் நிண்டிருக்கிறா. நாங்கள் பின்னாலை வாறம் எண்டு நினைச்சுத்தான் அவ்வளவு தூரமும் போயிருக்கிறா. மரக்கறி ஏத்தி வந்த ஒரு சின்ன லொறியிலை சைக்கிளோடை ஏத்திப்போட்டு, தான் ஸ்கூட்டியிலை பின்னாலையே வந்தாள் பிள்ளை. அவள் அழுது நான் முதன்முதல் கண்டது அண்டைக்குத்தான்.

அடுத்த நாள் நமசிவாயம் அண்ணை சைக்கிளைக் கொண்டுவந்து எங்கடை கொட்டிலுக்குள்ளை விட்டார். கண்ணிலை படாமல் இருந்தால் மறந்திடுவா எண்டு நினைச்சார். அவரைக் குறை சொல்லேலாது, பெண்சாதிக்கு இழுப்பு வருத்தம், தனக்கும் வயசு, ஆர் பின்னாலை ஓடுறது. ஆனால் ரீச்சரக்கா பேரையும் நாளையும் மறந்தாவே தவிரச் சைக்கிளை மறக்கேல்லை. கேக்கிற நேரமெல்லாம் அவர், ரயர் மாத்தக் குடுத்திருக்கு அக்கா, பின்னேரம் வரும் எண்டு சொல்லுவார். சனிக்கிழமையளிலை நாங்கள் ஓடப் போறதை விட்டிட்டு அவவைப் பார்க்கப் போகத் துவங்கினம், போய் அந்தப் பொய்யை எங்கடை வாயாலையும் சொன்னம். எனக்கு அது பொறுக்கேல்லை தர்சினி. ஒருத்தருக்கும் பயப்பிடாமல் முகத்துக்கு நேரை கதைச்ச மனிசியைச் சின்னப்பிள்ளை மாதிரி ஏமாத்திறதோ எண்டு எனக்கு ஒரே கொதி. அவவுக்கு உண்மை தெரிய உரிமை இருக்கெண்டு றெஜினாவோடை வாதாடினன். அவள், உங்கடை விருப்பமக்கா எண்டு மட்டும் சொன்னாள்.

ஆடி அமாவாசைக்கு முதல் சனிக்கிழமை போனம். இருந்து கொஞ்ச நேரத்திலை ரீச்சரக்கா, என்ரை சைக்கிள் எங்கை எண்டு கேட்டா. நான் கதிரையை அவவுக்குக் கிட்ட இழுத்து, அக்கா, உங்களுக்கு மறதி வருத்தம் வந்திருக்கு, நீங்கள் தனியப் போய் வழி தெரியாமல் நிண்டிட்டியள், அதாலை இனி ஓட வேண்டாமெண்டு சைக்கிளை எடுத்துப்போட்டம் எண்டு சொன்னன். அவ என்னை வடிவாய்ப் பார்த்தா. அப்ப அவவின்ரை கண் பழைய கண்தான், ஒரு கலக்கமும் இல்லை. என்னாலை ஆரும் விழுந்தவையோ எண்டுதான் முதல் கேட்டா. இல்லையக்கா, ஒருத்தரும் விழேல்லை எண்டன். பிறகு தலையைக் குனிஞ்சு அழுதா. சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்குது. கொஞ்ச நேரத்தாலை முந்தானையாலை முகத்தைத் துடைச்சுக்கொண்டு, நீ சொன்னது நல்லது, மற்றவை ஒளிக்கினம் எண்டு எனக்குத் தெரியும் எண்டா. நான் செய்தது சரியெண்டு எனக்குள்ளை ஒரு பெருமை. தேத்தண்ணி வந்தது, குடிச்சா. கோப்பையை வைச்சிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கொண்டு, பத்மாசினி, என்ரை சைக்கிள் எங்கை எண்டா.

நான் திரும்பவும் உண்மையைச் சொன்னன் பிள்ளை. என்ரை பிடிவாதம் உனக்குத் தெரியுந்தானே. அதே பார்வை, ஆரும் விழுந்தவையோ எண்ட அதே கேள்வி, பிறகு அதே அழுகை. அவவுக்கு அது புதுச் செய்தி. மரண வீட்டுச் சேதியை ஒராளுக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுபோய்ச் சொல்லிற மாதிரி. மூண்டாம் தரம் கேட்டா. றெஜினா என்ரை முழங்காலிலை கையை வைச்சாள். நான், ரயர் மாத்தக் குடுத்திருக்கக்கா, பின்னேரம் வரும் எண்டன். அப்பாடா எண்டு கதிரையிலை சாஞ்சா. காத்தைக் கூடுதலாய் அடிக்க வேண்டாமெண்டு சொல்லு, வெய்யிலுக்கு வெடிக்கும் எண்டா. வீட்டை வந்து நான் சோறு தின்னேல்லை.

இப்ப அவ படுக்கை. ஆவணியிலை கிணத்தடியிலை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு வெடிச்சுப்போச்சு, வயசுக்கு ஒப்பிறேசன் ஏலாதெண்டு ஆசுப்பத்திரியிலையிருந்து வீட்டை விட்டிட்டினம். றெஜினா வேலை முடியப் போய்க் கழுவித் துடைச்சு விடுறாள், நான் பகலிலை போய்க் கஞ்சி பருக்கிறன், றொசாந்தி ஞாயிற்றுக்கிழமை வந்து நகம் வெட்டி, தலை இழுத்துப் பின்னிவிடுவாள். என்னை இப்ப ஆரெண்டு தெரியாது. சிலநேரம் கையைப் பிடிச்சுக்கொண்டு, எல்லாரும் வந்திட்டினமோ எண்டு கேப்பா. ஓமக்கா, எல்லாரும் வந்திட்டம் எண்டு சொல்லுவன். கழகம் எண்டு இனி ஒண்டுமில்லை. மற்றப் பொம்பிளையளின்ரை வீடுகளிலை அந்த ஆனையிறவுக் கதைக்குப் பிறகு விடுறேல்லை. போன சனிக்கிழமை நானும் றெஜினாவும் மட்டும் பஸ் ஸ்ராண்டடியிலை நிண்டு பார்த்திட்டு, கச்சாய்க் கடல்வரை ஓடிப்போய்த் திரும்பினம். சந்தியிலை இறங்கி நிக்க ஆள் இல்லை. அதுதான் நீ வீடியோவிலை கண்ட முகம்.

நீ அங்கை வந்து இருக்கச் சொல்லிக் கேக்கிறதுக்கு நான் மறுமொழி சொல்லேல்லை எண்டு மருமகன் கோவிக்கக்கூடாது. ரீச்சரக்கா இருக்குமட்டும் நான் வரேல்லை. அவ என்னை விட்டிட்டுப் போனவ இல்லை. அதுக்குப் பிறகு பார்ப்பம். எனக்கு இப்ப ஒண்டுமில்லை, பயந்து ரெலிபோன் எடுக்காதை, தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பிலை வைச்சிட்டு மறக்கிறது எனக்கு முந்தியும் உள்ளதுதான். ஆனால் நாளைக்கு ஆருக்கு என்ன வருமெண்டு ஆருக்குத் தெரியும். அப்பிடி ஒரு காலம் எனக்கும் வந்து, அப்பா எங்கை எண்டு நான் உன்னட்டைக் கேட்டால், அவர் மோசம் போயிட்டார் எண்டு சொல்லாதை பிள்ளை. சந்தைக்குப் போயிட்டார், இப்ப வந்திடுவார் எண்டு சொல்லு. எத்தினை தரம் கேட்டாலும் அதையே சொல்லு. அலுப்புப் பாராதை.

பிள்ளையார் உங்கள் மூண்டு பேரையும் கண்ணுக்குள்ளை வைச்சுப் பார்க்கட்டும். நீ வேலை வேலையெண்டு சாப்பிடாமல் ஓடாதை, மருமகனையும் பனிக்குள்ளை கவனமாய்க் கார் ஓடச் சொல்லு. ஒடியல்மாவைக் காத்துப் படாமல் மூடி வை. மற்றது கஜானனை ஆறுதலாய் இருத்தி அந்தச் சந்தைக் கதையை ஒருக்கா விளங்கப்படுத்து, மறந்திடாதை. பொய் சொல்லக்கூடாதெண்டு நீ வளர்த்த பிள்ளை, எனக்கு முன்னாலை வந்து நிண்டு உண்மையைச் சொல்லிப்போடுவான்.

உங்கள் நினைவோடையே இருக்கிற
அம்மா
சோ. பத்மாசினி