பாதி மீசைக்குச் சந்தனம்

இந்தப் பாட்டிலில் இருக்கும் தண்ணீர் இன்று காலை வரை கடலாக இருந்தது. பொன்னேரியில் உன் வீட்டில், உன் போட்டோவுக்கு முன்னால் அதை வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நன்றாகப் பார். வாய் திறக்க முடியாத ஆளிடம் ஜெயித்துக் காட்டுவதில் பாதி ருசிதான். பரவாயில்லை, அந்தப் பாதியும் எனக்கு வேண்டும்.

கும்மிடிப்பூண்டி ஷெட்டில் அந்தச் சின்னப் பாய்மரப் படகுக்கு நாம் இருவரும் வயரிங் செய்தோமே, நினைவிருக்கிறதா? கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷின் என் பொறுப்பு. வெயில் பேட்டரியை நிரப்பும், பேட்டரி மெஷினை ஓட்டும். கேட்க எவ்வளவு சுலபம்! டிரம்மில் உப்பைக் கரைத்து, படகு ஓனரை எதிரில் நிறுத்தி, ஸ்விட்சைப் போட்டேன். மோட்டார் கிழட்டு எருமை மாதிரி முனகிவிட்டு நின்றது. மீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பார்த்து, "பன்னண்டரை வோல்ட் இருக்கு சார், மெஷின்லதான் கோளாறு" என்றேன். பத்தாவதை இரண்டு தடவை எழுதியவனுக்கு வந்த தைரியம்!

படகுக்கு அடியிலிருந்து நீ தலையை நீட்டினாய்.

"மதகுல நின்னுகினு கடமடைக்குத் தண்ணி வந்துச்சான்னு பாக்குறியே நைனா! இது இன்னா உங்க ஊட்டுக் கழனியா?"

ஷெட்டே சிரித்தது. அதோடு விட்டாயா?

"இது ஒரு டம்ளர் நல்ல தண்ணி குடுக்கட்டும், நான் மீசைய எடுத்துர்றேன்!"

அன்றிலிருந்து டீக்கடையில்கூட என் பெயர் 'கடமடை'. என் மகள் சாப்பாடு கொண்டுவந்தபோது வாட்ச்மேன், "கடமடை பொண்ணா நீ?" என்று கேட்டிருக்கிறான். அவள் அழவில்லை, சிரித்தாள். அதுதான் அதிகமாகச் சுட்டது. உன் மீசையை எடுக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

ஓனர் கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுத்தார். அதற்குள் நீ நெஞ்சுவலி என்று போய்ச் சேர்ந்துவிட்டாய். மீசையோடு. ஏமாற்றுக்காரன்!

படகில் தனியாக உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் உன் நக்கல் உறைத்தது. மோட்டாரை ஓடவிட்டு, மீட்டரை மோட்டார் முனையில் வைத்தேன். கடைமடையில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில். பத்து வோல்ட்கூட இல்லை. படகின் பின்னாலிருந்த பேட்டரிக்கும் முன்னாலிருந்த மெஷினுக்கும் நடுவே நான் இழுத்த மெல்லிசு வயர், மீதியை வழியிலேயே குடித்துவிட்டிருந்தது. தடித்த வயர் மாற்றினேன், பேட்டரியையும் மெஷின் பக்கத்துக்கே கொண்டுவந்தேன். இன்று காலை பழவேற்காட்டு முகத்துவாரம் தாண்டி, நடுக்கடலில் டம்ளர் நிறைந்தது. ஓனர்தான் முதலில் குடித்தார்.

நேராக இங்கே வந்தேன். உன் மனைவி சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். போட்டோவில் உன் நெற்றியில் வைப்பேன் என்று நினைத்திருப்பாள். நான் மீசையில் அப்பினேன்.

"இன்னாண்ணா, செத்த மனுசனக்கூட வுட மாட்டீங்களா?"

"பந்தயம்மா."

சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாதிதான் மறைஞ்சிருக்கு, மீதி?" என்றாள்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். மீதிப் பாதியை விட்டுவைத்தது அந்த மதகுப் பேச்சுக்காக. நன்றி என்றெல்லாம் எழுத மாட்டேன்.

விரலில் சந்தனம் இன்னும் காயவில்லை.