தாராவி என்று எழுதிய குப்பி

பழைய குப்பிகளை இந்த மாதத்துக்குள் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் அப்புறப்படுத்துங்கள் என்று நாம் சேர்ந்து வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். உறைகுளிர்த் தொட்டியைத் திறந்தேன். வெள்ளைப் புகை அடங்கியதும் கையில் வந்தது உன் குப்பிதான். விரல் நீளம்கூட இல்லை. மேலே உன் கோணல் எழுத்தில் ‘தாராவி’. அப்படியே நின்றுவிட்டேன்.

செல்களுக்கு மும்பை லோக்கல் ரயில் ஸ்டேஷன்களின் பெயர் வைப்பது உன் பழக்கம். தோல் செல் மாஹிம், சிறுநீரகச் செல் சுனாபட்டி, மெதுவாக வளர்ந்து உயிரை வாங்கும் நரம்புச் செல் டோம்பிவிலி. மாட்டுங்காவில் அடக்கமாக வளர்ந்த எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. செம்பூர் கேன்டீனில் இட்லியைப் பிய்த்தபடி நீதான் விளக்கினாய்.

“ஏட்டி, மருந்து வந்து ஒட்டுத ரிசப்டர் எல்லா செல்லுலயும் ஒண்ணுதான். ஆனா அதுமேல தொங்குத சர்க்கரைச் சங்கிலி இருக்குல்லா, அது மாஹிம்ல ஒரு மாதிரி, டோம்பிவிலில வேற மாதிரி. சங்கிலி அடர்த்தியாயிட்டா மருந்து எங்க போய் ஒட்டும்? ஜகாவே இல்லியே, எடமே இல்ல!”

“நாலு பேர் முன்னாடி உங்க ஊர் பாஷைல ஏட்டின்னு கூப்பிடாதே, மானம் போறது” என்பேன். நீ இன்னும் சத்தமாகக் கூப்பிடுவாய். அந்த வாய்க்கு ஏசி மட்டும் ஆகாது. மே மாதத்திலும் பழுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நடுங்குவாய்.

பிறகு உனக்கே புற்றுக்கட்டி வந்தது. ரிசப்டரைத் தேடிப்போய் ஒட்டும் மருந்தைத்தான் கொடுத்தார்கள். அது கேட்கவில்லை. அறுவையில் எடுத்ததில் கொஞ்சத்தைச் சம்மதம் எழுதிக் கொடுத்து நம் தொட்டிக்கு வாங்கிவந்து, நீயே பெயரும் எழுதினாய். “எனக்குள்ள மருந்து நிக்காத மாதிரி தாராவில லோக்கல் நிக்காதுல்லா. அந்தப் பேரு எனக்கே இருக்கட்டும்.” கடைசியாகப் பார்த்தபோதும் அதே பேச்சு. “சங்கிலிதான் மறைக்கி. வெட்டிப் பாரு, தெரியும்.” நீ எழுந்து வா, சேர்ந்தே பார்க்கலாம் என்றேன். நீ வரவில்லை.

இருந்தது ஒரே ஒரு குப்பி. சோதித்தால் தீர்ந்துவிடும். வளர்த்துப் பெருக்கலாம்தான், ஆனால் பிளாஸ்டிக் தட்டில், வேறு தீனியில் வளரும் செல் தன் சங்கிலியை மாற்றிக்கொண்டுவிடும். உன் உடம்பில் இருந்தது அதுவாக இருக்காது. குப்பியில் மிச்சமிருக்கும் உன்னைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. பெரிய விஞ்ஞானி நான்!

சோதிக்கலாமா என்று உன் அம்மாவிடம் கேட்கப் போனேன். டீ போட்டு முன்னால் வைத்தார்.

“அது இப்ப எங்க இருக்கு பிள்ள?”

“ரொம்பக் குளிர்ல வச்சிருக்கேன் ஆன்ட்டி. அப்போதான் கெடாது.”

அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். கொடியில் உன் ஸ்வெட்டர் கிடந்தது.

“அவளுக்குத்தான் குளிரு ஆவாதே பிள்ள” என்றார். “வெளிய எடுத்திரு.”

அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

மறுநாள் காலை குப்பியை இளஞ்சூட்டு நீரில் வைத்து உள்ளே உறைந்திருந்ததை இளக்கினேன். செல்களை இரண்டு பங்காக்கினேன். ஒன்றை அப்படியே விட்டேன். மற்றதில் சங்கிலியை வெட்டும் நொதியைச் சேர்த்தேன். பிறகு, உனக்குக் கொடுத்த அதே மருந்தில் பச்சையாக ஒளிரும் சாயம் இணைத்து இரண்டிலும் விட்டேன். நுண்ணோக்கியில் முதல் பங்கு இருட்டாக இருந்தது. மருந்து ஒட்டவே இல்லை. அடுத்ததில் ஒவ்வொரு செல்லின் விளிம்பும் பச்சையாக எரிந்தது. ரிசப்டர் அத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. கண்ணாடித் தகட்டில் வெட்ட முடிந்த சங்கிலியை உன் உடம்புக்குள் போய் வெட்ட யாருக்கும் வழி தெரியாமல் போயிற்று. அழுதேன், லென்ஸில் நீர் பட்டது.

பிறகு காலியாகக் கிடந்த உன் ஸ்டூல் பக்கம் திரும்பி, “ஏட்டி, நீ சொன்னதுதான் சரி” என்றேன். அந்தச் சொல் என் வாயில் வந்தது அதுவே முதல் தடவை. அதற்குப் பிறகு அது என்னை விட்டுப் போகவே இல்லை.