லிங்க் திறக்கவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை

ஜூன் 9, திங்கள்

காலையில் தூறல். பிறகு வெறும் காற்று. பீளமேடு பஸ் ஸ்டாப்பில் இருந்து ஆபீஸ் வருவதற்குள் கண் நிறைய மண்.

சேர்ந்து மூன்றாவது வாரம். வளைபாதத்தோடு பிறக்கும் குழந்தைகளுக்கான அறக்கட்டளை. பிளாக் எழுதுவது ஸ்டெல்லா அக்கா, முன்னாள் பிசியோதெரபிஸ்ட். எழுதியதை ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் என்று தள்ளிவிடுவது நான். படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். செய்வது தண்டோரா.

இன்று:
– பிளாக் பக்கங்களின் முகவரிகளை ஆங்கிலத்துக்கு மாற்றினேன். தமிழில் இருந்தால் வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சதவீதக் குறிகளாக அரை முழம் நீள்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை.
– புதுப் பதிவு பகிர்ந்தாயிற்று. தலைப்பு: 'பாதம் நேரான பிறகும் கம்பி ஷூவைக் கழற்றாதீர்கள்'.
– இன்ஸ்டா பாஸ்வேர்டு பழைய ஆளிடம். போன் எடுக்க மாட்டேன் என்கிறான்.

பதிவு சொல்வது எளிய விஷயம். வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் பாதத்தை நேராக்குகிறார்கள். அதன் பின் இரண்டு ஷூக்களையும் ஒரு கம்பியில் இணைத்து மாட்ட வேண்டும். முதலில் நாள் முழுக்க, பிறகு தூங்கும்போது மட்டும், நாலு வயது வரை. இடையில் நிறுத்தினால் பாதம் பழையபடி உள்ளே திரும்பிவிடும். நேராகிவிட்டதே என்று நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர்.

மாலைக்குள் லைக்குகள். "அருமையான பதிவுங்க." "பயனுள்ள தகவலுங்க மேடம்." கும்பிடும் கைகள் வரிசையாக. அறக்கட்டளையை நடத்தும் சாந்தி மேடம் என் மேஜை வரை வந்து, "பரவால்லப்பா, கெட்டிக்காரன்தான்" என்றார்.

டீக்கடையில் தேங்காய் பன் தீர்ந்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மதியம் ஆபீஸ் போனில் ஒரு பெண். அந்தியூர்ப் பக்கம், பெயர் கோகிலா.

"ஏனுங்க, காலு வளைஞ்ச கொழந்தைங்களுக்குப் பாக்கற ஆபீசுங்களா?"

ஆமாம் என்றேன்.

"நீங்க போட்ட லிங்க்கை அமுத்தி அமுத்தி என்ற வெரலே தேஞ்சுபோச்சுங்க. பக்கமே இல்லீங்குது. இல்லாத பக்கத்தை எதுக்குங்க ஊருக்கெல்லாம் அனுப்பறீங்க? வேற சோலி இல்லீங்களா?"

இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் திட்டியதில்லை.

திறந்து பார்த்தேன். உண்மை. முகவரிகளை மாற்றுவதற்கு முன் எடுத்து வைத்திருந்த பழைய லிங்க்கைப் பகிர்ந்திருக்கிறேன். பழையதில் இருந்து புதியதற்குத் திருப்பிவிடும் வேலையையும் செய்யவில்லை. திங்களில் இருந்து அந்தப் பதிவைப் படித்தவர்: பூஜ்யம். இத்தனை 'அருமை'களும் திறக்காத பக்கத்துக்கு.

ஸ்டெல்லா அக்காவிடம் கேட்டேன், ஒருத்தர்கூட ஏன் சொல்லவில்லை?

"நல்லாக் கேட்ட போ. கல்யாணத்துக்குப் போயி, ரசத்துல உப்பில்லைன்னு மேடையேறியா சொல்லுவ? மொய் வெச்சமா, வந்தமான்னு இருப்ப. லைக்கும் அப்படித்தான் தம்பி. எங்க பெரியம்மாவே 'அருமை'ன்னு போட்டிருக்குது, பாரு."

பார்த்தேன். போட்டிருந்தார். கூடவே ஒரு ரோஜாப்பூ.

அறிவுகெட்ட தவறு. சரிசெய்யக் கொஞ்ச நேரம்தான் ஆனது. கோகிலாவுக்குப் புது லிங்க் அனுப்பினேன். "இப்பத் தொறக்குதுங்க" என்று பதில். நன்றி எல்லாம் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

கோகிலா மறுபடி. இந்த முறை ஸ்டெல்லா அக்காவிடம் பேச வேண்டுமாம். ஸ்பீக்கரில் போட்டேன்.

குழந்தை தன்ஷிகா, பத்து மாதம். மாவுக்கட்டு முடிந்து பாதம் நேராகிவிட்டது. போன வாரம் மாமியார் கம்பி ஷூவைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி அவர் இடுப்பில்.

"ராத்திரி அழுகுதுங்க கொழந்தை. 'கால்தான் நேராயிருச்சல்ல, பொட்டப்புள்ளைக்கு எதுக்கு வெலங்கு'ங்கறாங்க. ஊட்டுக்காரர்கிட்ட நீங்க எழுதுனதைக் காட்டினனுங்க. முழுசாப் படிச்சுபோட்டு, 'சரிதான், அம்மாகிட்ட நீயே பேசிக்க'ன்னு போயிட்டாருங்க."

"அம்மணி, ரொம்ப நாளு உட்டா அப்பறம் ஷூவே ஏறாது. மறுபடி மொதல்ல இருந்து மாவுக்கட்டுதான்" என்றார் அக்கா.

"அது எனக்குத் தெரியுதுங்களே."

நடுவில் நான்: அந்த லிங்க்கை மாமியாருக்கே அனுப்பலாமே?

"அவங்க படிக்க மாட்டாங்க. பேசறதுதான் கேப்பாங்க, அதும் அவங்க மகளிர் குழு குரூப்புல வந்தா. நான் சொன்னா மருமவ பேச்சுங்க. குரூப்புல வந்தா அது ஒலகத்துப் பேச்சு."

ஒரு கல்லூரியில் நாலு வருடம் படித்தும் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தந்ததில்லை, செய்தி எப்படிப் பரவுகிறது என்று.

ஜூன் 14, சனி

அரை நாள் லீவு எடுக்க நினைத்திருந்தேன். எடுக்கவில்லை. பதிவைப் பேச்சாக மாற்றினோம். மாடிப்படிக்குக் கீழே உள்ள ஸ்டோர் ரூமில் ரெக்கார்டிங், அங்கேதான் காற்றுச் சத்தம் இல்லை.

அக்காவின் முதல் முயற்சி: "அன்பார்ந்த பெற்றோர்களே..."

"அக்கா, ஓட்டுக் கேட்டு வர்ற ஆட்டோ மாதிரி இருக்கு."

"அப்ப நீயே பேசு."

கொஞ்சம் முறைத்தார். பிறகு தானாகவே: "ஏனுங்க அம்மணி, ராத்திரி கொழந்தை அழுகுதுன்னுதான கழட்டறீங்க? மனசு கேக்காதுதான்..." இது சரி. ஒரே மூச்சில் முடித்தார்.

சாந்தி மேடம் கேட்டுவிட்டு, "நல்லாருக்குப்பா. கடைசில நம்ம பேரு, லிங்க்கு, ஃபாலோ பண்ணுங்கன்னு சேத்துரு" என்றார்.

"சேத்தா விளம்பரம்னு தெரிஞ்சுரும் மேடம். கோகிலா மாமியார் பாதியில நிறுத்திருவாங்க."

"அப்ப எத்தன பேரு கேட்டாங்கன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"மாசக் கடைசில ரிப்போர்ட்டுல என்னத்தைக் காட்டறது?"

"ஒண்ணும் காட்ட முடியாது மேடம்."

இதைக் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "இந்த ஒரு தடவைதான்."

மகளிர் குழுத் தலைவியின் நம்பரைக் கோகிலா கொடுத்திருந்தார். அக்கா பேசினார். "நல்ல விசயந்தானுங்க, போட்டுடறேன்." யாருக்காக என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நான்கு மணிக்குப் போட்டுவிட்டதாகச் செய்தி.

ஜூன் 16, திங்கள்

மழை. ஆபீஸ் வாசலில் தண்ணீர்.

கோகிலாவிடம் இருந்து ஒன்றும் இல்லை. கிராஃப் இல்லை, எண்ணிக்கை இல்லை, வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. எனக்கு வராத காரியம்.

நானே போன் செய்யலாமா என்றேன். "கூடாது. மாமியா பக்கத்துல இருந்தா அந்தப் புள்ளைக்குத்தான் வம்பு" என்றார் அக்கா. அவரும் இன்று டிபன் பாக்ஸைப் பாதியில் மூடிவிட்டார்.

இன்ஸ்டா பாஸ்வேர்டு கிடைத்தது. பழைய ஆளின் பூனை பெயர்.

ஜூன் 18, புதன்

மூட்டம். பகல் இரண்டரை மணி வாக்கில் கோகிலாவின் வாய்ஸ் மெசேஜ். குரலைத் தாழ்த்திப் பேசியிருக்கிறார், பின்னால் மிக்ஸி சத்தம்.

"ஏனுங்க, உங்க அக்கா பேசுனது இருக்குதல்லங்க, அதைய எங்க அத்தை எனக்கே அனுப்பி வெச்சிருக்காங்க. 'இதக் கேட்டுத் தெரிஞ்சுக்க கண்ணு, புள்ளைக்கு ஷூ மாட்டாம உட்டா மறுபடி கால் திரும்பிக்குமாமா, நீ இதெல்லாம் பாக்கறதில்லை'ன்னு எனக்கு ஏச்சு வேறங்க. பீரோவைத் தொறந்து அவங்களே எடுத்துக் குடுத்தாங்க. நான் ஒண்ணும் பேசலீங்க. 'சரீங்கத்தை'ன்னுபோட்டு வாங்கிட்டனுங்க."

அக்கா இரண்டு முறை கேட்டார். இரண்டாவது முறை சிரிக்கவில்லை.

ஷூ ஏறியதா என்று கேட்டேன். படம் வந்தது. தொட்டிலில் மதியத் தூக்கம், இரண்டு கால்களுக்கும் நடுவில் கம்பி. அக்கா என் போனைப் பிடுங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எடது குதிகால் கீழ எறங்கலை. பட்டை லூசு. போன் போடு அந்தப் புள்ளைக்கு."

போட்டேன். எடுத்தது மாமியார்.