பார்க்க வந்த காய்ச்சல்

தி.நகர்,
20.12.1995

அன்பு மகள் மதுமதிக்கு அம்மா எழுதுவது. துபாயில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை, உன்மேல் அவ்வளவு கோபம். போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், திட்ட முடியாது. அதனால்தான் நாளைக்கு விமானம் ஏறும் நூர் முஹம்மது பாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, அடுத்த வாரம் கடைக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் படுத்தபடியே கடைப் பையன்களை அதட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நீ உன் மாமனாருக்குப் போன் போட்டு, எங்கப்பாவ இன்னும் போய்ப் பாக்கலையா மாமா என்று கேட்டிருக்கிறாய். அந்த மனுஷனுக்கு அப்போதே ஃப்ளூ காய்ச்சல். மருமகள் குறை சொல்லிவிடக் கூடாதென்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மந்தைவெளியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். கட்டிலிலேயே உட்கார்ந்து, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு இருமி இருமிப் பேசினார். கேட்டால் சும்மா தொண்டைக் கரகரப்பு மதினி என்கிறார். மாப்பிள்ளையைப் பெற்றவரை வெளியே நில்லுங்கள் என்று நான் எந்த வாயால் சொல்ல?

மூன்றாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் ஏறி மூச்சு வாங்கியது. எக்ஸ்ரே எடுத்து நிமோனியா என்றார்கள். சளியைச் சோதித்ததில் ஒன்றும் அகப்படவில்லை, மாற்றி மாற்றி ஊசி போட்டும் பயனில்லை. ஃப்ளூ வைரஸே நுரையீரலில் இறங்கின மாதிரி இருக்கிறது, இந்த ஊசிக்கெல்லாம் அது கேட்காது, ஆக்ஸிஜன் வைத்துவிட்டு உடம்பு தேறக் காத்திருக்க வேண்டியதுதான் என்று சொன்ன டாக்டரம்மா, சளியோடு யாரை உள்ளே விட்டீர்கள் என்று என்னைக் கேட்டார். ஒவ்வொரு இருமலுக்கும் தையல் இழுக்கிறது, தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொள்கிறார். அதைப் பார்க்கிறவள் நான், நீ இல்லை.

இன்று கொஞ்சம் தேவலை, ஆனாலும் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று கண்டிப்பு. உன் மாமனாரும் இப்போது இதே ஆஸ்பத்திரியில் மாடியில் படுத்திருக்கிறார். இது காதில் விழுந்ததும் உன் அப்பா மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டு, ஏளா, சம்பந்தி என்னைய வந்து பாத்தாருல்லா, நான் போகலன்னா நம்ம பிள்ளைக்கு அங்க மரியாதை இருக்குமா என்று இறங்கி நிற்கிறார்! உதடெல்லாம் நீலம். நானும் நர்ஸும் பிடித்துப் படுக்கவைத்தோம். செருப்பை ஒளித்துவைத்திருக்கிறேன்.

கோபத்தில் எழுதினாலும் நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இதைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, எனக்கு மரியாதை வேண்டாம், அப்பாதான் வேண்டும் என்று அவரிடம் நீயே சொல்.

உன் அம்மா,
பேச்சியம்மாள்