ஊறுகாய் பாட்டிலில் வெட்டுக்கிளி

ஜூலை 8, திங்கள்

காலையில் தூறல். பள்ளிப்பட்டு பஸ் லேட், திருத்தணியிலிருந்தே நின்றுகொண்டு பயணம். புடவை ஓரமெல்லாம் சேறு.

2ஆம் வகுப்பு, 19 பேர். கணக்குக்குப் பூச்சிகள். பிள்ளைகள் பிடித்து வந்தவை: எறும்பு (எக்கச்சக்கம்), பொன்வண்டு 2, தட்டான் 1. வெட்டுக்கிளியை நானே வேலியோரம் பிடித்து, ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடினேன். கால்களை எண்ணி நோட்டில் எழுதணும்.

வெட்டுக்கிளிக்கு எல்லோரும் 6. புவனா மட்டும் 5.

அவள் வீட்டில் தெலுங்கு. பாட்டிலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, அய்து" என்று எண்ணினாள். அங்கேதான் குழம்புகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"பூச்சின்னா ஆறு கால். எத்தினி வாட்டி சொல்றது? தமிழ்ல எண்ணு."

"அஞ்சுதான் கீது டீச்சர்."

வகுப்பே சிரித்தது. சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். 'வெட்டுக்கிளிக்கு ஆறு கால்', பத்து தடவை எழுதி வரச் சொன்னேன். நான் பாட்டிலைப் பார்க்கவே இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

வெயில். புவனா பத்து தடவை எழுதி வந்திருந்தாள், கோடு தாண்டாமல். 'வெரி குட்' போட்டேன்.

சாயங்காலம் புல் போட பாட்டிலைத் திறந்தால், மூடியின் உள்விளிம்பில் ஒரு பின்னங்கால் ஒட்டிக்கொண்டிருந்தது. மூடும்போது நான்தான் நசுக்கியிருக்கிறேன். மூன்று தடவை எண்ணினேன். ஐந்துதான்.

பத்தொன்பது பேரில் உண்மையாக எண்ணியது அவள் ஒருத்தி. மற்றவர்கள் என் வாயைப் பார்த்து எழுதினார்கள். வெட்கமாக இருக்கிறது. நாளை முதல் வேலையாக வகுப்பில் சொல்லிவிடணும்.

ஜூலை 10, புதன்

சொல்லவில்லை. வகுப்பைப் பார்வையிடக் கல்வி அதிகாரி வந்தார். "பூச்சிக்கு எத்தனை கால்?" எல்லோரும் ஒரே குரலில், "ஆறு!" புவனாவும்தான். "நல்லா தயார் பண்ணிக்கிறீங்க" என்றார். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். கோழை.

வாங்க: சுண்ணக்கட்டி, அம்மாவுக்கு மூட்டுத் தைலம்.

ஜூலை 11, வியாழன்

புழுக்கம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் புவனாவைத் தனியாகக் கூப்பிட்டேன். கையில் பாட்டில். அவள் ஐந்து என்பாள், நான் உடனே 'நீதான் சரி, தப்பு என்னோடது' என்பேன். பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன்.

"எண்ணிச் சொல்லும்மா."

என் முகத்தையே பார்த்தாள். "ஆறு டீச்சர்."

"பாட்டிலப் பாத்து சொல்லு, கண்ணு."

"பாக்க வேணாம் டீச்சர். ஆறுதான். பத்து தபா எழுதிட்டேன்ல."