உனக்காக நான் கழுவிய ஸ்கோப்

இன்று காலை கிருமிநாசினி மூடியைத் திறந்ததும் அந்த வினிகர் நெடி மூக்கில் ஏறியது. பக்கத்தில் நின்ற புது நர்ஸ், நுரையீரலுக்குள் விடும் ஸ்கோப்பின் நுனியில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து, காற்றை அடித்து, ஈரம் படிகிறதா என்று பார்த்தாள். "இது திண்டிவனத்து அக்கா முறைங்க" என்றாள். அந்தத் திண்டிவனத்து அக்காவான உன்னை அவள் பார்த்ததே இல்லை. நீ செத்து இரண்டு வருஷம் ஆகியும் எனக்கு வயிறு எரிகிறது.

இந்த விழுப்புரம் ஆஸ்பத்திரியில் உனக்கு நாலு வருஷம் முன்பே சேர்ந்தவள் நான். ஆனால் நீ கழுவியது என்றால் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார். நான் கழுவியதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

ஸ்கோப் போட்டுக்கொள்ள வந்த மயிலத்துப் பெரியவர் நினைவிருக்கிறதா? முந்தின நாள் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஸ்கோப்பை உலர்த்தாமலே அலமாரியில் மாட்டிவிட்டேன். அவரோ காலையிலிருந்து பட்டினி. நீ எல்லார் எதிரிலும், "அக்கா, உள்ள ஈரம் கீது. ராவெல்லாம் கிருமி வளர்ந்துக்கினு இருந்திருக்கும். இத்த விட வேணாம்" என்றாய். முதலிலிருந்து பிரஷ் போட்டு, ஊறவைத்து, உலர்த்தி முடிக்கும்வரை அவர் காத்துக் கிடந்தார். அடுத்த முறை வந்தபோது ஒரு பை மல்லாட்டை கொண்டுவந்தார், உனக்கு மட்டும். பாதியை என் பையில் கொட்டினாய். பஸ்ஸில் உன்னைத் திட்டிக்கொண்டே அத்தனை கடலையையும் உரித்துத் தின்று தீர்த்தேன்.

பிறகு உன் நுரையீரலிலேயே கட்டி வந்தது. உனக்கே ஸ்கோப் போட வேண்டிய அன்று, யார் கழுவட்டும் என்று டாக்டர் உன்னிடமே கேட்டார். நீ என்னைக் காட்டினாய். "நானா?" என்றேன்.

"நீங்கதான்க்கா. எம்மேல இருக்கற காண்டுலயே நல்லா தேய்ப்பீங்க."

தெரிந்தே இருந்திருக்கிறாய், பாவி! இரண்டு முறை பிரஷ் போட்டுக் கழுவினேன். போதும் என்று டாக்டர் அதட்டும்வரை காற்றை அடித்தேன். அதனால் உனக்கு ஒரு கிருமியும் தொற்றவில்லை. கட்டிதான் உன்னைக் கொண்டுபோயிற்று.

அந்தக் காண்டு மட்டும் என்னிடம் அப்படியே இருக்கிறது. விக்கிரவாண்டியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு இன்று ஸ்கோப். உன்னைவிட நன்றாகக் கழுவிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன். உன் அளவுக்கு வந்தது, மிஞ்ச முடியவில்லையடி. நாளைக்கும் விடமாட்டேன்.